மூளைக்கு ஒரு முகக்கண்ணாடி

உதகையிலிருந்து முத்தோரைப் பக்கம் செல்பவர்கள் மலைச்சரிவில் சாய்ந்து கிடக்கும் அந்தப் பெரிய கம்பிப் பந்தலைக் காணாமல் இருக்க முடியாது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பரவளைய வடிவான 24 இரும்புச் சட்டங்களின்மேல் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970ஆம் ஆண்டில் உருவான உதகை ரேடியோ தொலைநோக்கி அது. அங்கே மலையின் சரிவு ஏறக்குறைய 11 பாகை. உதகையின் அகலாங்கும் 11 பாகைதான். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினாலே போதும். ஒரு விண்பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் வரும் மிக மெல்லிய ரேடியோ அலைகளை.

இன்னொரு ரேடியோ கருவியைப் பற்றித்தான் இக்கட்டுரை. அதன் ஏற்பி ஒரு தலைக்கவசத்தின் அளவே இருக்கும். அது கேட்பது ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸில். அது நோக்கும் பொருள் வானில் இல்லை; ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த எடையுடன் நம் மண்டையோட்டுக்குள் இருக்கிறது. தொலைநோக்கியைப் போலவே இக்கருவிக்கும் உள்ள முதல் தொல்லை ஒன்றே: செய்தி மிகச் சிறியது, இரைச்சலோ மிகப் பெரியது. இந்த ஒற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் குழப்பங்கள் பலவற்றுக்கு வேர் இதுதான்.

இக்கருவியைக் கொண்டு மனச்சோர்வு உடையவருக்கு அவருடைய மூளையின் செயலை அவருக்கே காட்டி, அதை அவரே திருத்திக்கொள்ளப் பழக்கலாமா என்று உலகின் சில ஆய்வுக்கூடங்கள் முயன்று வருகின்றன. இதற்கு மூளைப் பின்னூட்டப் பயிற்சி என்று பெயர்.

சோம்பலா, நோயா?

மனச்சோர்வு என்பது வருத்தம் அன்று. தேர்வில் தோற்றால் வருத்தம் வரும். நாலு நாளில் தேறிவிடுவோம். மனச்சோர்வில் நாள் முழுதும், நாள்தோறும், குறைந்தது இரண்டு வாரமாவது மனம் இருண்டு கிடக்கிறது. முன்பு பிடித்தவை எவையும் பிடிப்பதில்லை. உறக்கம் கெடுகிறது, பசி மாறுகிறது, எண்ணங்கள் மந்தமாகின்றன. தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற நினைப்பு விடாமல் வருகிறது. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் இதை 'மனச்சோர்வு' என்று சொல்லமாட்டார். 'உடம்பெல்லாம் வலி, ஒரே அசதி' என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போவார். மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவார். கல்லூரி மாணவனுக்கு இது வந்தால் வீட்டில் கிடைக்கும் பெயர் 'சோம்பேறி'.

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்று அது கண்டது. அவர்களில் 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. நூறு மாணவர்கள் அமரும் வகுப்பை எண்ணிப் பாருங்கள்.

'மனசுதானே, நீ நினைத்தால் சரியாகிவிடும்' என்பது இந்த நோயாளிகள் கேட்டுக் கேட்டு நொந்துபோன சொல். மூளைப் பின்னூட்டம் இச்சொல்லை ஒரு விசித்திரமான முறையில் சோதித்துப் பார்க்கிறது. நினைத்தால் மூளையின் செயல் மாறுமா? மாறும் என்றால், எதை நினைக்க வேண்டும்? மாறிற்று என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணை மூடினால் எழும் அலை

1924ஆம் ஆண்டில் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். ஒரு மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்குச் செய்தி செல்லும் என்று நம்பி, அதற்கான ஆற்றலைத் தேடிப் புறப்பட்டவர் அவர். தேடியது கிடைக்கவில்லை, தேடாதது கிடைத்தது. ஐந்தாண்டுகள் தயங்கி 1929இல்தான் அதை வெளியிட்டார். இதுவே இன்றைய இ.இ.ஜி. என்னும் மூளை மின்னலை வரைவு.

தலைத்தோலில் கிடைக்கும் மின்னழுத்தம் சில பத்து மைக்ரோவோல்ட். டார்ச் விளக்கில் போடும் 1.5 வோல்ட் மின்கலத்தோடு ஒப்பிட்டால் 50 மைக்ரோவோல்ட் என்பது அதில் 30,000இல் ஒரு பங்கு. ஆயினும் அந்தச் சிறு அழுத்தத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒருவர் கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது விநாடிக்குப் பத்து முறை அளவில் ஏறி இறங்கும் அலை தோன்றுகிறது. கண்ணைத் திறந்தால் மறைகிறது. இதற்கு ஆல்ஃபா அலை என்று பெயர்.

ஓய்வில் அலை பெரிதாவதும் பார்க்கும்போது சிறிதாவதும் முரணாகத் தோன்றலாம். கல்லூரி மைதானத்தில் ஆயிரம் பேர் ஒரே தாளத்தில் கை தட்டினால் வாயிற்கதவு வரை கேட்கும். அதே ஆயிரம் பேரும் அவரவர் வேலையைப் பேசினால் வெளியே வெறும் முணுமுணுப்புத்தான் கேட்கும். பெரிய அலை என்பது நரம்பணுக்கள் கூடித் தாளமிடுவதன் அடையாளம். அதிக வேலையின் அடையாளம் அன்று.

பெர்கரே பிற்காலத்தில் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகி 1941இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மூளையின் அலையை முதலில் கண்டவருக்கு அந்த அலையால் எந்த உதவியும் கிடைக்கவில்லை.

தில்லியில் யோகியர்

கதையின் அடுத்த கட்டம் இந்தியாவில் நடந்தது. மூளைப் பின்னூட்டம் பற்றி எழுதுவோர் பலர் அமெரிக்காவிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள், அது முறையன்று.

1951இல் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தை நால்வர் தொடங்கினார்கள். வேலூரில் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, சென்னையின் பி. ராமமூர்த்தி, எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரே அவர்கள். இவர்களில் பல்தேவ் சிங் பின்னர் தில்லி அகில இந்திய மருத்துவ நிறுவனத்தில் உடலியல் பேராசிரியர் பி. கே. ஆனந்துடனும் ஜி. எஸ். சீனாவுடனும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார். ஆனந்த் சாதாரணமானவர் அல்லர். பசியைத் தூண்டும் இடம் மூளையின் ஹைப்போதலாமஸில் எங்குள்ளது என்பதை 1951இல் பிராபெக்குடன் சேர்ந்து காட்டியவர்.

இம்மூவரும் யோகியரின் தலையில் மின்முனைகளைப் பொருத்திப் பதிவு செய்தார்கள். ஆல்ஃபா அலையில் இருக்கும் எவருக்கும் திடீரென்று பளீரென ஒளியைக் காட்டினாலோ, பலத்த ஓசை எழுப்பினாலோ அலை உடனே கலையும். யோகியருக்கும் சாதாரண நிலையில் கலைந்தது. அவர்கள் தியானத்தில் ஆழ்ந்திருந்தபோது ஒளி, ஓசை, சூடான கண்ணாடிக் குழாயின் தொடுகை, இசைக்கவையின் அதிர்வு எனப் பலவற்றால் தூண்டிப் பார்த்தார்கள். ஆல்ஃபா கலையவில்லை. வேறு இரு யோகியர் 4 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 45 முதல் 55 நிமிடம் வரை கையை வைத்திருந்தார்கள். மார்கழி உறைபனிக் காலையில் உதகைத் தொட்டித் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். அப்போதும் அவர்களுடைய ஆல்ஃபா தொடர்ந்தது. இம்முடிவுகள் 1961இல் வெளியாயின.

அதே 1961இல் வெங்கர், பாக்சி என்ற அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆனந்த் இன்னொன்றையும் சோதித்தார். இதயத்தையே நிறுத்திக்காட்டுவதாகச் சொன்ன யோகியரை இதய மின்வரைவுக் கருவியில் பார்த்தபோது, நாடியும் இதய ஒலியும் மங்கினவே தவிர இதயம் துடித்துக்கொண்டுதான் இருந்தது. மார்புத் தசைகளை இறுக்கி மூச்சை அடக்கியதன் விளைவு அது. ஒரே குழுவினர், ஒரே ஆண்டில், ஒன்றை மெய்யென்றும் மற்றொன்றை அவ்வாறில்லை என்றும் எழுதினார்கள். அளவீட்டுக் கருவிக்குப் பக்திமானும் தெரியாது, பகுத்தறிவாளரும் தெரியாது. ஆனால் ஆராயப்பட்ட யோகியரின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மணியோசை சொன்னது

யோகிக்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது. தன் முயற்சி பலித்ததா என்று அவருக்கு உடனுக்குடன் சொல்ல யாருமில்லை. கருவி சொன்னால்?

1950களின் இறுதியில் சிகாகோவில் ஜோ காமியா என்ற உளவியலாளர் ஒருவரை இருட்டறையில் கண்ணை மூடிப் படுக்க வைத்தார். அவ்வப்போது ஒரு மணி ஒலிக்கும். 'இப்போது ஆல்ஃபா இருக்கிறதா, இல்லையா?' என்று அவர் ஊகித்துச் சொல்ல வேண்டும். சரியா தவறா என்பதை உடனே தெரிவிப்பார்கள். முதலில் சொன்னவை குருட்டு ஊகமாகவே இருந்தன. சில நாட்களில் பெரும்பாலும் சரியாகச் சொல்லத் தொடங்கினார். எப்படி என்று கேட்டால் விளக்கத் தெரியவில்லை. பிறகு, ஆல்ஃபா இருக்கும்போது ஓர் ஒலி எழும்படி கருவியை அமைத்தபோது, மக்கள் அதை விரும்பியபடி வரவழைக்கவும் விலக்கவும் கற்றார்கள்.

இதுவே பின்னூட்டம். மிதிவண்டி பழகும் சிறுவன் சாய்வை உணர்ந்து திருத்துகிறான். உணர்வதும் திருத்துவதும் ஒரு வளையம். மூளையின் உட்செயலை உணர நமக்குப் புலன் இல்லை. கருவி அந்த இல்லாத புலனாகிறது. உங்கள் முகத்தில் மை ஒட்டியிருந்தால் கண்ணாடியின்றித் துடைப்பது எப்படி?

இச்செய்தி பரவியதும் 1970களில் அமெரிக்காவில் 'ஆல்ஃபா கருவிகள்' கடைக்கு வந்தன. நிம்மதியை விலைக்கு வாங்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். பிறகு கவனமான சோதனைகள் நடந்தன. அலை கூடியது என்று சொல்லப்பட்டவருக்கும், அமைதி கிட்டும் என்று எதிர்பார்த்தவருக்கும் அமைதி வந்தது. உண்மையில் அலை எவ்வளவு கூடியது என்பதற்கும் அந்த அமைதிக்கும் நெருங்கிய தொடர்பு காணப்படவில்லை. பயிற்சியால் கூடியதாக எண்ணிய ஆல்ஃபாவும், சும்மா கண்ணை மூடி இருந்தாலே வருகின்ற அளவைப் பெரும்பாலும் தாண்டவில்லை. இந்த முடிவைச் சற்று நேரம் கையில் வைத்திருங்கள், மீண்டும் தேவைப்படும்.

இரத்தத்தில் ஒரு காந்தம்

இ.இ.ஜி.க்கு ஒரு பெருங்குறை உண்டு. அது எப்போது என்று சொல்லும். எங்கே என்று சரியாகச் சொல்லாது. உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதிகளோ மூளையின் ஆழத்தில் இருக்கின்றன. அங்கே எட்டிப் பார்க்க உதவுவது எம்.ஆர்.ஐ. என்னும் காந்த ஒத்ததிர்வுக் கருவி.

இது இயற்பியல் மாணவர்களின் சொந்தச் சொத்து. சற்று நின்று பார்ப்போம். நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரின் ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு நுண்காந்தம். கருவியின் 3 டெஸ்லா புலம் நீலகிரியில் நிலவும் பூமியின் காந்தப்புலத்தைப் போல் சுமார் 75,000 மடங்கு. இவ்வளவு வலிய புலத்திலும் 10 லட்சம் அணுக்கருக்களில் புலத்தின் திசைக்குச் சாதகமாக மிஞ்சி நிற்பவை பத்தே பத்து. அந்தப் பத்தின் குரலைத்தான் கேட்கிறோம். 3 டெஸ்லாவில் அவை சுழலும் அலைவெண் ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸ். பண்பலை வானொலிக்குச் சற்று மேலே, விமானிகள் தரையோடு பேசும் அலைவரிசைக்குள் வருகிறது. அதனால்தான் கருவி இருக்கும் அறையைச் செப்புத் தகட்டால் மூடி, வெளி ரேடியோ அலைகளை உள்ளே வராமல் தடுக்கிறார்கள். முத்தோரைத் தொலைநோக்கியை நகரத்து இரைச்சலுக்கு எட்டாத பள்ளத்தாக்கில் வைத்ததும் இதே கவலையால்தான்.

மூளையின் வேலை இதில் எப்படித் தெரிகிறது? 1936இல் பாலிங், கோர்யல் இருவரும் ஒன்றைக் காட்டினார்கள். ஆக்ஸிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் சற்றே ஈர்க்கப்படுகிறது. இரத்தத்தில் ஓடும் இந்த நுண்காந்தம் அருகிலுள்ள ஹைட்ரஜன்களின் சுழற்சியைக் கலைத்துச் செய்தியை மங்கச் செய்யும். மூளையின் ஒரு பகுதி உழைக்கும்போது அங்கே தேவைக்கும் மிகுதியாகப் புதிய இரத்தம் பாய்கிறது. காந்தமுள்ள ஹீமோகுளோபின் குறைகிறது. செய்தி சற்றே பிரகாசமாகிறது. 1990இல் செய்ஜி ஒகாவா இதைப் படம் எடுக்கும் முறையாக்கினார். இதைச் செயல்முறை எம்.ஆர்.ஐ. என்கிறோம்.

எவ்வளவு பிரகாசம்? ஓரிரு விழுக்காடு. நோயாளி தலையைச் சில மில்லிமீட்டர் அசைத்தால் அதைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடும். ஆகவே செய்தித்தாளில் நீங்கள் காணும் சிவப்பும் மஞ்சளுமான மூளைப் படம் ஒளிப்படம் அன்று. நரம்பு எரிவதையும் அது காட்டவில்லை. இரத்த ஆக்ஸிஜனின் சிறு ஏற்றத்தைப் புள்ளியியல் கணக்கில் சலித்து, கணினி தீட்டிய வண்ணம் அது. சலிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் கிரெய்க் பென்னட் என்ற ஆய்வாளரும் நண்பர்களும் வேடிக்கையாகக் காட்டினார்கள். இறந்த சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, 'இவர்கள் என்ன உணர்கிறார்கள்?' என்று கேட்டார்கள். பல்லாயிரம் புள்ளிகளை ஒப்பிடும்போது செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் கணக்கிட்டால், செத்த மீனின் மூளையிலும் சிவப்புப் புள்ளி தோன்றியது! கேலியாகத் தோன்றும் இந்த ஆய்வு பலரைத் திருத்தியது.

இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. நரம்பணு நொடியின் சிறு பின்னத்தில் செயற்படுகிறது. இரத்தமோ நிதானமாக வருகிறது. செய்தி உச்சிக்கு வர ஐந்தாறு விநாடி ஆகும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஓட்டும் ஓட்டுநரை எண்ணுங்கள். அவர் முன்னுள்ள கண்ணாடி ஆறு விநாடிக்கு முன்பிருந்த சாலையைக் காட்டினால் என்ன ஆகும்? மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில்கூட அது 33 மீட்டர் பின்தங்கிய காட்சி. வளைவு கடந்துபோயிருக்கும்! ஆகவே இக்கருவியில் பின்னூட்டம் பெறுபவர் மின்னலென மாறும் எண்ணங்களோடு விளையாட முடியாது. ஒரே நினைவை அரை நிமிடத்துக்கு மேல் நிலைநிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

சிவப்புப் பட்டை ஏறுமா?

மூளையின் இரு பக்கமும், பொட்டுக்கு உட்புறமாக, வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. அச்சத்தின் இருப்பிடம் என்று பாடநூல்கள் சொல்லும். அது அரை உண்மை. நமக்கு முக்கியமான எதையும், மகிழ்ச்சியானதையும்கூட, 'இதைக் கவனி' என்று குறிப்பது அதன் வேலை. மனச்சோர்வு உடையோரிடம் அது துயரமான முகங்களுக்கு மிகுதியாகவும், இனிய நினைவுகளுக்குக் குறைவாகவும் பதிலளிப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

இந்நோயில் நினைவும் ஒரு விதமாகச் சுருங்கிவிடுகிறது. 'மகிழ்ச்சியாக இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கள்' என்று கேட்டால், நலமாக இருப்பவர், 'ஏழாம் வகுப்பு படிக்கும்போது மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு அப்பா அழைத்துப் போனார். திடீரென மழை பிடித்துக்கொண்டது. மரத்தடியில் நின்று சுடச்சுட வேர்க்கடலை தின்றோம்' என்பார். மனச்சோர்வில் இருப்பவர், 'சின்ன வயதில் நன்றாகத்தான் இருந்தேன்' என்பதோடு நிறுத்திவிடுவார். மழையும் வேர்க்கடலையும் அகப்படுவதில்லை. இது உளவியலார் நன்கறிந்த அடையாளம்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா நகரிலுள்ள மூளை ஆய்வு நிறுவனத்தில் கிம்பர்லி யங் குழுவினர் இந்த இரண்டையும் இணைத்தார்கள். மருந்து எதுவும் உட்கொள்ளாத 36 நோயாளிகள் கருவிக்குள் படுத்தார்கள். கண்ணெதிரே திரையில் வெப்பமானி போல் ஒரு சிவப்புப் பட்டை. நாற்பது விநாடி ஓர் இனிய நினைவில் ஆழ்ந்து, அந்தப் பட்டையை உயர்த்த வேண்டும். இரண்டு விநாடிக்கு ஒருமுறை பட்டையின் உயரம் மாறும். 19 பேருக்குப் பட்டை இடது அமிக்டலாவின் செயலைக் காட்டியது. மற்ற 17 பேருக்கு அது எண்களைக் கையாளுவதோடு தொடர்புடைய, மூளையின் வேறொரு பகுதியைக் காட்டியது. தாம் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டே அமர்வுகள். 2017இல் வெளிவந்த முடிவுப்படி, அமிக்டலாப் பிரிவில் 12 பேருக்கு நோயின் அளவெண் பாதிக்கும் கீழே இறங்கியது. மற்றதில் இருவருக்கு மட்டுமே. நோய்க்குறிகள் ஏறக்குறைய நீங்கியவர்கள் முதற்பிரிவில் ஆறு பேர், இரண்டாவதில் ஒருவர். இனிய நாட்களைத் துல்லியமாக நினைவுகூரும் திறனும் முதற்பிரிவில் கூடியது.

இதைப் படிக்கும்போது நெஞ்சு துள்ளுகிறது, மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை 36தான் என்பதை மறக்க வேண்டாம். நாணயத்தை நாலு முறை சுண்டி முடிவு சொல்பவரை நாம் ஏற்போமா?

கார்டிஃப் தந்த விடை

அடுத்த ஆண்டே, 2018இல், பிரிட்டனின் கார்டிஃப் நகரிலிருந்து டேவிட் லிண்டன் குழுவினரின் ஆய்வு வந்தது. இங்கும் இரண்டு பிரிவுகள். ஒரு பிரிவினர் மகிழ்ச்சி உணர்வுக்குப் பதிலளிக்கும் மூளைப் பகுதிகளை உயர்த்தப் பழகினார்கள். மற்றவர்கள் இயற்கைக் காட்சிகளுக்கும் இடங்களுக்கும் பதிலளிக்கும் பகுதியை, அமைதியான இடங்களைக் கற்பனை செய்து, உயர்த்தப் பழகினார்கள். பயிற்சியை முடித்தவர்கள் 32 பேர். நோயின் அளவெண் 43 விழுக்காடு இறங்கியது. எந்தப் பிரிவில்? இரண்டிலும்! இரு பிரிவுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை.

ஆல்ஃபா கருவியின் பழைய கதை இப்போது நினைவுக்கு வருகிறதா? கருவி சரியான பகுதியைக் காட்டியதால் குணம் வந்ததா, எந்தப் பகுதியைக் காட்டினாலும் வருமா? மூன்று வகையாக விளக்கலாம். ஒன்று, மூளையின் எந்தப் பகுதியையாவது தன் முயற்சியால் அசைக்க முடிகிறது என்று கண்ணால் கண்டதே மருந்தாகியிருக்கலாம். 'என்னால் எதுவும் ஆகாது' என்று நம்பிக் கிடப்பவருக்குத் திரையில் ஏறும் பட்டை சின்னச் செய்தி அன்று. இரண்டு, அமைதியான காட்சிகளைக் கற்பனை செய்வதே நல்ல சிகிச்சையாக இருந்திருக்கலாம். மூன்று, வாரம் தவறாமல் யாரோ அக்கறையோடு வரவேற்று, கேட்டு, அனுப்பியதன் பலனாகவும், காலம் தானே ஆற்றியதாகவும் இருக்கலாம். பயிற்சியே பெறாத மூன்றாம் பிரிவு ஒன்று அங்கே இல்லாததால் இவற்றைப் பிரித்தறிய வழியில்லை.

டல்சா ஒன்று சொல்கிறது. கார்டிஃப் வேறொன்று சொல்கிறது. இரண்டும் நேர்மையான ஆய்வுகள். எனக்குப் படுவது இது: பயிற்சி பலருக்கு உதவுகிறது என்பதை ஏற்கலாம், குறிப்பிட்ட மூளைப் பகுதியைப் பிடித்துத் திருகியதால் உதவுகிறது என்பதற்கு இன்னும் போதிய சான்று இல்லை. பெரிய எண்ணிக்கையில், பொய்ப்பின்னூட்டம் பெறும் பிரிவையும், ஒன்றும் பெறாத பிரிவையும் சேர்த்து, மாதக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் சோதனைகளே இதைத் தீர்க்கும்.

விளம்பரத்துக்கு முன்

நம் நாட்டில் நிம்ஹான்ஸில் ஜமுனா ராஜேஸ்வரன் குழுவினர் தலைக்காயம் பட்டவர்களுக்கு இ.இ.ஜி. பின்னூட்டப் பயிற்சி அளித்து, கவனமும் நினைவாற்றலும் எவ்வாறு மீள்கின்றன என்று ஆராய்ந்திருக்கிறார்கள். அது மருத்துவர்கள், உளவியலாளர்கள் மேற்பார்வையில் பல அமர்வுகளாக நடப்பது. கைப்பேசியில் வரும் விளம்பரம் வேறு. நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டால் கவலை தீரும், படிப்பு ஏறும் என்கிறது. என் மாணவர்கள் இத்தகைய விளம்பரங்களைக் காட்டி 'வாங்கலாமா சார்?' என்று கேட்பதுண்டு. நெற்றியில் வைத்த ஓரிரு மின்முனைகளுக்கு மூளையைவிடக் கண் சிமிட்டலும் தாடைத் தசையும்தான் உரக்கக் கேட்கும். அமைதி கூடிவிட்டது என்று திரை சொல்வது, சில வேளைகளில், பல்லைக் கடிப்பதை நிறுத்திவிட்டீர்கள் என்பதாகவே இருக்கும். அந்தப் பணத்துக்கு வேறு நல்ல செலவுகள் உண்டு.

இன்னொரு கேள்வியும் வரும்: 'ஸ்கேன் எடுத்தால் மனச்சோர்வு தெரிந்துவிடுமா?' தெரியாது. அமிக்டலாவைப் பற்றி மேலே சொன்னவை பலரின் சராசரியில் கிடைத்தவை. ஒரு தனி ஆளின் படத்தைப் பார்த்து இவருக்கு நோய் உண்டு, இவருக்கு இல்லை என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. மூளையில் கட்டி முதலிய வேறு காரணம் உண்டா என்று விலக்கிப் பார்க்கவே ஸ்கேன் எடுப்பார்கள். எனவே 'ஸ்கேனில் ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டால், 'அப்படியானால் நடிப்புத்தான்' என்று வீட்டார் முடிவு கட்டுவது பெருந்தவறு.

கேட்டறியும் மருத்துவரே இந்நோயைக் கண்டறியும் கருவி. பேச்சுவழிச் சிகிச்சைகளும் மருந்துகளும் பெரிய சோதனைகளில் தேறியவை. சிலருக்கு முதல் மருந்து பலிக்காமல் இரண்டாவது பலிக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். மலையிறங்கி வர முடியாதவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இச்சேவை 2022 அக்டோபர் 10 முதல் நடைபெறுகிறது. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வருபவர், அல்லது அவ்வாறு பேசும் நண்பரை உடையவர், மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

மலையேறி வருமா?

3 டெஸ்லா காந்தத்தின் சுருள் மைனஸ் 269 பாகையில் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும். பல டன் எடையுள்ள அதை ஒவ்வொரு மலையூருக்கும் கொண்டுவந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் மணிக்கணக்கில் ஒதுக்க எந்தச் செல்வ நாட்டாலும் இயலாது. ஆகவே ஆய்வாளர்கள் குறுக்குவழி ஒன்று தேடுகிறார்கள். டெல் அவிவ் நகரில் டால்மா ஹெண்ட்லர் குழுவினர் ஒரே நேரத்தில் இ.இ.ஜி.யும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்து, அமிக்டலாவின் செயல் ஏறும்போது தலைத்தோலின் மின்னலைகளில் என்ன மாற்றம் நேர்கிறது என்று கணித்தார்கள். அந்தக் கைரேகை கிடைத்துவிட்டால் பிறகு காந்தம் வேண்டாம். மின்முனைத் தொப்பி போதும். இவ்வழியில் பழகிய படைவீரர்கள் உணர்ச்சிகளைக் கையாளுவதில் முன்னேறியதாக 2019இல் எழுதினார்கள். இம்முறையை ஒட்டிய ஒரு கருவிக்கு 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு, மற்ற சிகிச்சையோடு துணையாக மட்டுமே அந்த அனுமதி, மனச்சோர்வுக்கு அன்று.

தொப்பி மலையேறி வரலாம். அதன் எடை அதிகமில்லை. ஆனால் தலைத்தோலில் கிடைக்கும் அந்தக் கைரேகை ஆழத்திலுள்ள அமிக்டலாவினுடையதை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது, ஒருவரிடம் கணித்தது இன்னொருவருக்குப் பொருந்துமா என்பவை இயற்பியலும் கணிதமும் பயில்வோர் கை வைக்க வேண்டிய கணக்குகள்.